இ.எஸ்.ஜி. சாஃப்ட்வேர் வாங்கும் முன் ஒரு எண்ணைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள்

ஆண்டறிக்கைக்கு மூன்று வாரம் இருக்கும்போது எல்லாக் கிளைகளுக்கும் ஒரு மெயில் போகும். மின்சாரம் எவ்வளவு, டீசல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை விபத்து, பெண் ஊழியர்கள் எத்தனை சதவீதம், உடனே அனுப்பவும். கிளையில் இருப்பவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. அவர் போன வருடத்து ஃபைலைத் திறந்து, தெரிந்ததை நிரப்பி, தெரியாததை ஒப்பேற்றி அனுப்பிவிடுவார். அந்த எண்கள் எல்லாம் ஒரு பெரிய எக்செல்லில் சேர்ந்து, அறிக்கையாக அச்சாகி, முதலீட்டாளர் கைக்குப் போகும். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் சேர்த்து இ.எஸ்.ஜி. என்று சொல்கிறோமே, அந்த வேலை பல நிறுவனங்களில் இன்றைக்கும் இப்படித்தான் நடக்கிறது.

டிஜிட்டல் மாற்றம் வந்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். ஓரளவு உண்மைதான். மீட்டர் அளவு தானாகப் பதிவாகும், பில் தானாகக் கணக்கில் ஏறும், வருடத்துக்கு ஒருமுறை எழுதும் கட்டுரையாக இருந்தது தினமும் பார்க்கும் கணக்குப் புத்தகமாக மாறும். இந்த மாற்றம் வேண்டும் என்று மனதார நினைக்கிறவன் நான். ஆனால் யார் எழுதியது, எதைப் பார்த்து எழுதியது என்று தெரியாத எண்ணை எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் அது ஊர் பேர் தெரியாத எண்ணாகவேதான் வெளியே வரும், என்ன, முன்பைவிட நம்பத் தோன்றும் கிராஃபாக வரும், அவ்வளவுதான். அதனால்தான் இந்த வழிகாட்டி சாஃப்ட்வேரில் தொடங்கவில்லை.

முதல் வேலைக்கு ஒரு பிற்பகல் போதும்

போன வருட அறிக்கையை எடுத்து, மொத்த மின்சாரம் என்று போட்டிருக்கும் எண்ணை வட்டமிடுங்கள். அது எந்த ஷீட்டிலிருந்து வந்தது, அந்த ஷீட்டை நிரப்பியவர் யார், அவர் பார்த்தது பில்லா, மீட்டரா, இல்லை யாரோ போனில் சொன்னதா என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். கடைசியில் நீங்கள் ஒரு மீட்டரின் முன்னால் போய் நிற்க வேண்டும். நடுவில் எங்கே தடம் அறுந்து போகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் டிஜிட்டல் திட்டம் முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் அதுதான், விற்பனையாளரின் பிரசென்டேஷனில் முதலில் வரும் இடம் அல்ல.

நான் இதை முதன்முதலில் செய்து பார்த்த நிறுவனத்தில் எல்லாக் கிளைகளும் மின்சாரத்தை யூனிட்டில் அனுப்பிக்கொண்டிருந்தன, ஒரே ஒரு ஆலை மட்டும் மெகாவாட்-மணியில் அனுப்பியிருந்தது. ஒரு மெகாவாட்-மணி என்பது 1,000 யூனிட். இருப்பதிலேயே பெரிய ஆலையின் மின்சாரம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் கணக்கில் ஏறியிருந்தது, மொத்தம் குறைந்ததைப் பார்த்து எல்லோரும் அதைச் சேமிப்பு என்று நினைத்துவிட்டோம். யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்தக் கட்டத்தில் எந்த அலகில் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை, இவ்வளவு பெரிய வீழ்ச்சி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவும் இல்லை. ஒரு நல்ல சிஸ்டம் இதை ஒரு நொடியில் பிடித்திருக்கும், போன மாதத்தைவிட 30 சதவீதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ காரணம் எழுதாமல் சேமிக்க விடாதே என்ற ஒரே ஒரு விதி போதும்.

அப்புறம் காலக்கணக்கு. பில் ஒரு மாதத்தின் நடுவில் தொடங்கி அடுத்த மாதத்தின் நடுவில் முடியும், அறிக்கையோ மாத முதல் தேதியிலிருந்து கணக்குக் கேட்கும். ஒரு கிளை பில் வந்த மாதத்தில் எழுதும், இன்னொரு கிளை பணம் கட்டிய மாதத்தில் எழுதும். வருடக் கடைசியில் ஒரு பில் இரண்டு முறை ஏறும், அல்லது எங்குமே ஏறாது. ஆக ஒவ்வொரு எண்ணோடும் அது வந்த ஆவணம், அலகு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பதிந்தவர், சரிபார்த்தவர் என்ற விவரங்கள் ஒட்டியே இருக்க வேண்டும். இதை எக்செல்லிலேயே செய்ய முடியும். செய்து மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள், அப்போதுதான் உங்களுக்கு என்ன சாஃப்ட்வேர் வேண்டும் என்றே தெரியும்.

சுற்றுச்சூழல்: தானாக வரும் எண்ணும் வராத எண்ணும்

கார்பன் கணக்குக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் பயன்படுவது ஜி.எச்.ஜி. புரோட்டோகால் என்ற பசுமை இல்ல வாயுக் கணக்கு முறை. உலக வளக் கழகமும் நீடித்த வளர்ச்சிக்கான உலக வணிகக் கவுன்சிலும் சேர்ந்து உருவாக்கியது, நிறுவனங்களுக்கான அதன் முதல் பதிப்பு 2001-இல் வந்தது, திருத்திய பதிப்பு 2004-இல். அது உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது. நம்முடைய பாய்லரிலும் ஜெனரேட்டரிலும் வண்டியிலும் நாமே எரிப்பது, நம் இயந்திரங்களிலிருந்து கசிவது எல்லாம் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம், நீராவி போன்றவற்றுக்குப் பின்னால் இருக்கும் உமிழ்வு ஸ்கோப் 2. மற்றதெல்லாம், அதாவது வாங்கும் பொருள், சரக்குப் போக்குவரத்து, ஊழியர்களின் பயணம், விற்ற பொருளை வாடிக்கையாளர் பயன்படுத்துவது, கடைசியில் அது குப்பைக்குப் போவது, இவை ஸ்கோப் 3. அதற்கு மட்டும் 15 பிரிவுகள் இருக்கின்றன.

ஸ்கோப் 2-இல் டிஜிட்டல் வேலை சீக்கிரம் பலன் தரும். ஆனால் பலன் தருவது மாத மொத்தம் அல்ல, அரை மணிக்கு ஒருமுறை வரும் அளவு. மாத பில்லைப் பார்த்தால் எவ்வளவு செலவானது என்று தெரியும், அரை மணிக் கணக்கைப் பார்த்தால்தான் ஏன் செலவானது என்று தெரியும். விடுமுறை நாள் இரவு இரண்டு மணிக்கு ஆலை எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று பாருங்கள். யாருமே வேலை செய்யாத நேரத்தில் ஒரு பெரிய சுமை ஓடிக்கொண்டிருக்கும். பல இடங்களில் அது அழுத்தக் காற்றுக் கசிவாக இருக்கும், கம்ப்ரசர் தரும் காற்றில் சில ஆலைகளில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே வீணாகிறது என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. குழாயை அடைத்தால் போதும், சோலார் பலகை எதுவும் வேண்டாம். எல்லா இயந்திரத்துக்கும் சென்சார் மாட்ட வேண்டியதில்லை, அதிக மின்சாரம் தின்னும் நான்கைந்து இடங்களுக்குத் துணை மீட்டர் வைத்துத் தொடங்குங்கள்.

இதில் தவறவிடக் கூடாத ஒரு விஷயம், 2015-இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டுதல் இரண்டு கணக்கு கேட்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தின் மின்கட்டமைப்பில் சராசரியாக எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பது ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு நீங்கள் போட்ட ஒப்பந்தமும் வாங்கிய சான்றிதழும் சேர்த்த கணக்கு இன்னொன்று. டாஷ்போர்டில் இரண்டாவதை மட்டும் காட்டினால் எண் கிட்டத்தட்ட பூஜ்யமாகத் தெரியலாம், ஆலையோ முன்பு எடுத்த அதே மின்சாரத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சரி, தானாக வராத எண்ணுக்கு வருவோம். ஏசியிலும் குளிர்பதன இயந்திரத்திலும் இருக்கும் வாயுவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மீட்டர் கிடையாது, சர்வீஸ் செய்ய வந்தவர் கேஸ் நிரப்பிவிட்டுப் போன ஒரு துண்டுச் சீட்டு மட்டும்தான் ஆதாரம். ஆர்-410ஏ என்ற வாயுவின் வெப்பமாக்கும் திறன், ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் நான்காம் மதிப்பீட்டு அறிக்கைக் கணக்குப்படி, கார்பன் டை ஆக்சைடைப் போல 2,088 மடங்கு. 10 கிலோ கசிந்து, அதை மறுபடி நிரப்பினீர்கள் என்றால் அது ஏறக்குறைய 21 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வரும், அப்படியானால் அந்த ஒரு சர்வீஸ் சீட்டு 7,700 லிட்டர் டீசலுக்குச் சமமான சீட்டு. அதைப் போனில் போட்டோ எடுத்து ஏற்ற ஒரு சாதாரண படிவம் வைத்தால் போதும். நான் பார்த்தவரை டிஜிட்டல் திட்டத்தில் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பெரிய எண்ணைக் கண்ணுக்குக் கொண்டுவரும் வேலை வேறு இல்லை.

அதே வாயுவுக்கு ஐந்தாம் மதிப்பீட்டு அறிக்கையின்படி கணக்குப் போட்டால் 1,924 வரும். வாயு மாறவில்லை, அறிவியல் கணக்கு திருந்தியது. ஆக எந்த வருடத்துக்கு எந்தக் காரணி, அதாவது எந்தப் பெருக்கும் எண், பயன்படுத்தினீர்கள் என்பதை சிஸ்டம் நினைவில் வைத்திருக்க வேண்டும். காரணிப் பட்டியலைப் புதுப்பித்ததும் பழைய வருடங்களின் எண்கள் சத்தமில்லாமல் மாறிவிடும் சாஃப்ட்வேர்களும் உண்டு. வாங்கும் முன் இதை டெமோவில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஸ்கோப் 3-தான் எல்லோரையும் அயர வைப்பது. வழக்கமாகச் செய்வது செலவுக் கணக்கு முறை. கொள்முதல் லெட்ஜரை எடுத்து, இரும்புக்கு இவ்வளவு பணம், அட்டைப்பெட்டிக்கு இவ்வளவு பணம் என்று பிரித்து, பணத்துக்கு இவ்வளவு கார்பன் என்ற ஒரு சராசரியால் பெருக்குவது. தொடக்கத்துக்கு நல்ல வழி, எங்கே பெரிய சுமை இருக்கிறது என்று காட்டிவிடும். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். விலை ஏறினால் உங்கள் உமிழ்வு ஏறியதாகக் காட்டும், பேரம் பேசி விலையைக் குறைத்தால் உமிழ்வு குறைந்ததாகக் காட்டும். மாசு குறைந்த எஃகைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால், நல்லது செய்ததற்கே உங்கள் கணக்கு மோசமாகும். அதனால் முதல் வருடம் செலவுக் கணக்கு போட்டு, அதில் பெரும்பங்கு எந்தச் சப்ளையர்களிடமிருந்து வருகிறது என்று பார்த்து, அவர்களிடம் மட்டும் உண்மையான எடை, மின்சாரம், எரிபொருள் அளவுகளைக் கேளுங்கள். எல்லோருக்கும் 200 கேள்வி கொண்ட படிவத்தை அனுப்பாதீர்கள். சின்ன சப்ளையரிடம் அதை நிரப்ப ஆள் இருக்காது, அவரும் ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்புவார். எட்டுக் கேள்வி கேளுங்கள், அவருக்குப் புரிகிற மொழியில் கேளுங்கள், பதில் சொல்ல ஒரு ஆளை வைத்து உதவுங்கள்.

டிஜிட்டலே எரிக்கும் கார்பன்

இதைப் பேசாமல் டிஜிட்டல் மாற்றத்தைப் பச்சையானது என்று சொல்வது நியாயமில்லை. சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில் 2024-இல் டேட்டா சென்டர்கள் எடுத்த மின்சாரம் சுமார் 415 டெராவாட்-மணி, உலக மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 சதவீதம். 2030-இல் இது சுமார் 945 ஆகலாம் என்கிறது அதே முகமை. பசுமை இலக்குகளை உரக்க அறிவித்த பெரிய நிறுவனங்களே தடுமாறுகின்றன, 2024-இல் வந்த சுற்றுச்சூழல் அறிக்கையில் கூகுள் தன் உமிழ்வு 2019-ஐவிட 48 சதவீதம் கூடியதாகச் சொன்னது, டேட்டா சென்டர் மின்சாரமும் சப்ளை செயினும்தான் முக்கியக் காரணம்.

உங்கள் நிறுவனத்தில் இது எப்படித் தெரியும்? தெரியாமலேயே போகலாம், ஆபத்தே அதுதான். சொந்த சர்வர் அறையை மூடிவிட்டு கிளவுடுக்குப் போனால் ஸ்கோப் 2 சட்டென்று இறங்கும். அந்தக் கார்பன் மறைந்துவிடவில்லை, வாங்கிய சேவை என்ற பெயரில் ஸ்கோப் 3-க்கு இடம் மாறியிருக்கிறது. பெரிய டேட்டா சென்டர் பொதுவாகச் சின்ன சர்வர் அறையைவிடச் சிக்கனமாக ஓடும் என்பது உண்மை, அதனால் மொத்தத்தில் குறையவும் வாய்ப்பு உண்டு. ஆனால் குறைந்தது எவ்வளவு, இடம் மாறியது எவ்வளவு என்று இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் சாதனை என்று அறிவிக்காதீர்கள். பெரிய கிளவுட் நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு உமிழ்வு அறிக்கை தருகின்றன. அதை மாதந்தோறும் இறக்கி, உங்கள் ஸ்கோப் 3 ஷீட்டில் ஏற்றுங்கள். இறக்கும்போதே அதில் எது சேர்ந்திருக்கிறது, சர்வர் தயாரிப்பில் வரும் கார்பன் உள்ளே இருக்கிறதா, பசுமைச் சான்றிதழைக் கழித்த பின் வந்த எண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று லேப்டாப். ஒரு லேப்டாப்பின் வாழ்நாள் உமிழ்வில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே வந்துவிடுகிறது, நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் வருவது குறைவுதான். மூன்று வருடத்தில் மாற்றும் வழக்கத்தை ஐந்தாக நீட்டுவது, பேட்டரியும் நினைவகமும் மாற்றி ஓட்டுவது, சிக்கன லேப்டாப் வாங்குவதைவிடப் பலன் தரும். உலக மின்னணுக் கழிவுக் கண்காணிப்பு அறிக்கையின்படி 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. ஆக பழைய கருவியை எடுத்துக்கொண்டு போகிறவரிடம் சான்றிதழ் மட்டும் வாங்கி வைக்காமல், அது கடைசியாக எங்கே போய்ச் சேருகிறது என்று ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள்.

மனிதர்கள்

சமூகப் பகுதியை ஹெச்.ஆர். சாஃப்ட்வேரில் இருந்து ஒரு ரிப்போர்ட் எடுத்தால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த சாஃப்ட்வேரில் இருப்பவர்கள் நிரந்தர ஊழியர்கள். சுத்தம் செய்கிறவர், காவலாளி, லோடு ஏற்றுகிறவர், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், இவர்கள் அதில் இல்லை. ஒரு சின்ன சோதனை செய்யுங்கள், நுழைவாயிலில் ஒரு நாள் உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கையை எடுத்து சம்பளப் பட்டியலில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். அந்த இடைவெளியில் இருப்பவர்களுக்குத்தான் பல நேரம் ஆபத்தான வேலை விழுகிறது, அவர்களுடைய விபத்துதான் கணக்கில் வராமல் போகிறது.

விபத்தைப் போனில் பதியும் வசதி கொண்டுவந்தால் முதல் வருடம் எண்ணிக்கை ஏறும். கிட்டத்தட்ட எப்போதுமே ஏறும், ஏனென்றால் முன்பு எழுதாமல் விட்டதெல்லாம் இப்போது எழுதப்படுகிறது. மேலாளரின் போனஸை விபத்து எண்ணிக்கையோடு கட்டியிருந்தால் அவர் பதிய விடமாட்டார். ஆக அந்த வசதியைத் திறக்கும் முன்பே இயக்குநர் குழுவிடம் சொல்லிவிடுங்கள், எண்ணிக்கை ஏறும், அது நல்ல செய்தி, மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் அதிகம் பதிவானால் அதற்காக யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்று. இதைச் சொல்லாமல் தொடங்கிய திட்டம் ஒன்று ஆறு மாதத்தில் அடங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன், அதற்கப்புறம் அங்கே யாரும் எதையும் பதியவில்லை.

ஆள் எடுக்க ஏ.ஐ. பயன்படுத்துகிறீர்கள் என்றால் அமேசானில் நடந்ததை நினைவில் வையுங்கள். விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க 2014-லிருந்து ஒரு கருவியை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள், பத்து வருட விண்ணப்பங்களை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. கருவி அதையே பாடமாக எடுத்துக்கொண்டு, பெண்களுக்கான கிளப், பெண்கள் கல்லூரி என்பது போன்ற சொற்கள் இருந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. திட்டத்தைக் கைவிட்டார்கள், 2018-இல் ராய்ட்டர்ஸ் அதை வெளியே கொண்டுவந்தது. உங்கள் கருவியில் இதைச் சோதிக்கப் பெரிய வித்தை தேவையில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எத்தனை பேர் வடிகட்டப்பட்டார்கள் என்று மாதாமாதம் எண்ணிப் பாருங்கள், எண்ணித் தர மறுக்கும் விற்பனையாளரை விட்டுவிடுங்கள். ஊழியர்களின் ஒவ்வொரு கிளிக்கையும் கண்காணிக்கும் மென்பொருளை இ.எஸ்.ஜி.க்கான தரவு என்று யாராவது கொண்டுவந்தால் ஏற்காதீர்கள். அது தரவு அல்ல, அவர்கள் மீது வைக்கும் அவநம்பிக்கை.

சப்ளை செயினில் 2013 ஏப்ரல் 24-ஐ மறக்க முடியாது. பங்களாதேஷில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அங்கே எந்தெந்த பிராண்டுக்குத் துணி தைக்கப்பட்டது என்பதைக் காட்ட, இடிபாடுகளிலிருந்து லேபிள்களையும் ஆர்டர் காகிதங்களையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு துணியின் பாதையைப் பதிந்துவைக்கத் தொழில்நுட்பம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் தடம் பதிவாவதால் சுவர் உறுதியாகிவிடாது. முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது, தொழிலாளர்கள் உள்ளே போகத் தயங்கினார்கள், அவர்களை உள்ளே அனுப்பினார்கள். நீங்கள் போடும் சிஸ்டத்தில் அந்தத் தொழிலாளி தன் மொழியில், தன் பெயர் வெளியே வராமல், மேற்பார்வையாளரைத் தாண்டி உங்களிடம் நேரடியாக விரிசல் இருக்கிறது என்று சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மற்ற எல்லா டிராக்கிங்கையும் நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். செய்தபின் வரும் ஒவ்வொரு புகாருக்கும் எத்தனை நாளில் பதில் போனது என்பதையும் அறிக்கையில் போடுங்கள்.

நிர்வாகம்: எண்ணைத் திருத்தக்கூடியவர் யார்

பிரிட்டனில் தபால் அலுவலகக் கணக்குகளுக்காக வந்த ஹொரைசன் என்ற சிஸ்டம் தவறாகப் பணக் குறைவு காட்டியது. கம்ப்யூட்டர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலக நடத்துநர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். அவர்களுடைய கணக்கைத் தூரத்திலிருந்தே வேறொருவர் மாற்ற முடியும் என்பது பிற்பாடு நீதிமன்றத்தில்தான் உறுதியானது. இன்னொரு பக்கம் ஃபோக்ஸ்வாகன், 2015-இல் அமெரிக்காவில் பிடிபட்டது. பரிசோதனை நடக்கிறதா என்று மோப்பம் பிடித்து, அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள், உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி கார்களில். ஒன்றில் சிஸ்டத்தின் தவறை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, மற்றதில் சிஸ்டத்தையே தவறு செய்ய எழுதினார்கள். இரண்டுமே நிர்வாகத் தோல்விதான்.

உங்கள் இ.எஸ்.ஜி. சிஸ்டத்தில் இதற்கு என்ன செய்ய வேண்டும்? எண்ணைப் பதிபவர் அதை அங்கீகரிக்கக் கூடாது. மாதம் முடிந்ததும் பூட்டிவிட வேண்டும், பூட்டியபின் திருத்த வேண்டுமானால் பழைய எண், புதிய எண், காரணம், ஆள், நேரம் ஐந்தும் அழியாமல் பதிய வேண்டும். சிஸ்டத்தை நிர்வகிக்கும் ஐ.டி. ஆளுக்கும், அதை விற்ற நிறுவனத்தின் ஆளுக்கும் இதே விதி பொருந்தும், பலர் கோட்டை விடும் இடம் இதுதான். சிஸ்டம் சொல்வது தவறு என்று கிளையில் இருப்பவர் எதிர்ப்புத் தெரிவிக்க ஒரு பொத்தான் வேண்டும், அதை அழுத்தினால் யாராவது ஒரு மனிதர் போன் செய்ய வேண்டும். மதிப்பிட்டுப் போட்ட எண்ணையும் அளந்து போட்ட எண்ணையும் வேறு நிறத்தில் காட்டுங்கள். மொத்தத்தில் எத்தனை சதவீதம் மதிப்பீடு என்பதை இயக்குநர் குழுவுக்கு ஒவ்வொரு காலாண்டிலும் சொல்லுங்கள், அந்தச் சதவீதம் குறைந்துகொண்டே வந்தால் உங்கள் டிஜிட்டல் மாற்றம் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அறிக்கையின் வாசகத்தை ஏ.ஐ. எழுதித் தரலாம், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் எந்த எண், எந்த ஆவணம் என்று இணைப்பு இல்லாவிட்டால் அச்சுக்கு அனுப்பாதீர்கள். செய்யாததைச் செய்ததாக மிக அழகாக எழுதும் திறமை அதற்கு இருக்கிறது, கிரீன்வாஷிங், அதாவது இல்லாத பசுமையை இருப்பதாகக் காட்டிய வழக்கில் நீதிபதி முன்னால் நிற்கப்போவது அது அல்ல.

விதிமுறைகள் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், சுருக்கமாக இது தெரிந்தால் போதும். ஐ.எஸ்.எஸ்.பி. என்ற சர்வதேசத் தரநிலை வாரியம் 2023 ஜூனில் வெளியிட்ட எஸ்1, எஸ்2 தரநிலைகள் முதலீட்டாளருக்கு எது முக்கியம் என்று பார்க்கின்றன. 1997-இல் தொடங்கிய ஜி.ஆர்.ஐ. என்ற இன்னொரு தரநிலை அமைப்பு உங்களால் உலகத்துக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிக்கை விதியான சி.எஸ்.ஆர்.டி. இரண்டையும் கேட்கிறது, ஆனால் அதன் வரம்பைச் சுருக்கும் முயற்சி 2025-இல் தொடங்கியது, விதிகள் இப்படி மாறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே எந்த விதியின் படிவத்தை வைத்தும் உங்கள் சிஸ்டத்தைக் கட்டாதீர்கள். மீட்டர், பில், ஆள், சம்பவம் என்ற அடிமட்டத் தரவை வைத்துக் கட்டுங்கள், மேலே எந்தப் படிவம் வந்தாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது சாஃப்ட்வேர் வாங்கலாம்

டெமோவுக்கு அவர்களுடைய மாதிரித் தரவை அனுமதிக்காதீர்கள். உங்கள் கிளையின் மங்கலான ஸ்கேன் பில் ஒன்று, கையால் எழுதிய சர்வீஸ் சீட்டு ஒன்று, அலகு தவறான ஒரு எக்செல், மூன்றையும் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு மொத்த எண்ணின் மேல் கிளிக் செய்து அந்த மங்கலான பில் வரை போய்க் காட்டச் சொல்லுங்கள், முதல் பிற்பகலில் நீங்கள் நடந்தே போன அதே பாதை. போக முடிந்தால் மேலே பேசலாம். ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் தரவு முழுவதும், திருத்த வரலாறும் இணைத்த ஆவணங்களும் சேர்த்து, எந்த வடிவில் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்று கேட்டு அதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரே நேரத்தில் எல்லாக் கிளைகளிலும் தொடங்க வேண்டாம். மின்சாரம், டீசல், குளிர்பதன வாயு, விபத்து, இந்த நான்கையும் இரண்டு கிளைகளில் ஒரு காலாண்டு ஓட்டுங்கள். அதில் ஒன்று நன்றாக நடக்கும் கிளையாகவும் மற்றது எப்போதும் தாமதமாக அனுப்பும் கிளையாகவும் இருக்கட்டும். தாமதமாக அனுப்பும் கிளையில் போய் ஒரு முழு நாள் அந்த எண்ணைப் பதிகிறவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் திரையில் தடுமாறுகிறார், எந்தக் கட்டத்தை ஒப்பேற்றுகிறார், ஏன் ஒப்பேற்றுகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் பதிந்த எண்ணால் என்ன நடந்தது என்பதை அடுத்த மாதம் அவருக்கே காட்டுங்கள், உங்கள் இரவுக் கணக்கைப் பார்த்துத்தான் அந்தக் கசிவைக் கண்டுபிடித்தோம் என்று. அதற்கடுத்த மாதம் அவருடைய எண்கள் எந்தத் தேதியில் வருகின்றன என்று பாருங்கள், அதை வைத்து மூன்றாவது கிளையை எப்போது சேர்ப்பது என்று முடிவு செய்யலாம்.